கொலாபரேஷன்: கூடி வேலை செய்வதா, கூட இருந்தே காட்டிக்கொடுப்பதா?

இன்ஸ்டாகிராமில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ரீல் போட்டால் அதற்குப் பெயர் ‘கொலாப்’. இரண்டு கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் ‘கொலாபரேஷன்’. கேட்கவே நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் படிக்கப் போனால் அதே சொல் வேறு முகத்தோடு எதிரே வந்து நிற்கும். 1944-ல் ஜெர்மன் பிடியிலிருந்து பிரான்ஸ் விடுதலையானதும் கொலாபரேட்டர்களைத் தேடிப் பிடித்துச் சுட்டார்கள் என்று எழுதியிருக்கும். அதை ‘கூட்டுப்பணியாளர்களைச் சுட்டார்கள்’ என்று அப்படியே தமிழாக்கிப் போட்ட கட்டுரைகளும் உண்டு. படிக்கிறவர் குழம்பாமல் என்ன செய்வார்?

குழப்பம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கெட்ட பொருளை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் கொலாபரேட்டர் என்றால் உளவாளி என்று நினைக்கிறார்கள். அல்லது எதிரி ஆட்சியின் கீழ் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய எல்லாரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. முதலாவது, உளவு வேலை எதுவும் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்தபடியே பெருங்குற்றம் செய்தவர்களைத் தப்பவிடுகிறது. இரண்டாவது, பிள்ளைகளுக்குச் சோறு போட வேலைக்குப் போன சாதாரண மனிதர்மேல் பழி போடுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

## சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

லத்தீனில் ‘லபோராரே’ என்றால் உழைப்பது. அதற்கு முன்னால் ‘கூட’ என்ற பொருளில் ஓர் ஒட்டு. ஆக, கூட உழைப்பது. நம்முடைய ‘ஒத்துழைப்பு’ என்ற சொல்லும் இதே மாதிரி கட்டப்பட்டதுதான். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பெரும்பாலும் எழுத்தாளர்கள், கலைஞர்கள், அறிவியலாளர்கள் சேர்ந்து செய்த வேலையைக் குறித்தது. அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். யாரோடு உழைக்கிறோம், எதற்காக உழைக்கிறோம், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் எதையும் இந்தச் சொல் சொல்வதில்லை. ‘கூட’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. 1940-ல் கெட்ட பொருள் வந்து குடியேறியது அந்தக் காலி இடத்தில்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புழங்குகிறார்கள். அங்கே பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை ‘கொலாபொரதர்’ என்று மரியாதையாகவே குறிப்பிடுகின்றன. ஆனால் அதையே சுருக்கி ஒருவரை ‘கொலாபோ’ என்று சொல்லிவிட்டால் அது வசை. நாட்டை விற்றவன் என்று பொருள்.

## ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு

ஒரு குடியிருப்பை ரவுடிக் கும்பல் ஒன்று கைப்பற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வராது, வெளியிலிருந்து உதவி கிடையாது. வாட்ச்மேன் வழக்கம்போல் காலையில் மோட்டார் போடுகிறார். தண்ணீர் குடியிருப்பவர்களுக்கும் போகிறது, கும்பலுக்கும் போகிறது. சங்கச் செயலாளர் கும்பல் தலைவனோடு பேசி, ‘மாதாமாதம் வசூல் செய்து நானே கொடுத்துவிடுகிறேன், வீடு வீடாக நீங்கள் வரவேண்டாம்’ என்று ஏற்பாடு செய்கிறார். மூன்றாவது மாடிக்காரர், பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக் கும்பலிடம் போட்டுக்கொடுக்கிறார். கீழ்வீட்டு இளைஞன், இப்போதுதான் இந்த இடத்துக்கே ஒழுங்கு வந்தது என்று நம்பி, தானும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கும்பலோடு நிற்கிறான்.

நாலு பேரும் கும்பலோடு ‘ஒத்துழைத்தவர்கள்’தான். ஆனால் நாலு பேரும் ஒன்றா? வாட்ச்மேனை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். இளைஞனைப் பற்றியும் அதிகம் வாக்குவாதம் வராது. கஷ்டம் செயலாளரிடம்தான். அவர் எல்லாரையும் காப்பாற்றினாரா, அல்லது கும்பலின் வேலையைச் சுலபமாக்கினாரா? பிரான்சின் கதை பெரும்பாலும் இந்தச் செயலாளரின் கதை.

## 1940: ஒரு தலைவர் தானே தேர்ந்தெடுத்த சொல்

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கே படையெடுத்தது. ஜூன் 14 அன்று பாரிஸ் வீழ்ந்தது. முதல் உலகப் போரில் வெர்தான் போர்க்களத்தின் வீரராகக் கொண்டாடப்பட்ட மார்ஷல் பெத்தான், 84 வயதில் பிரதமரானார். ஜூன் 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் வடக்கும் அட்லாண்டிக் கரையும் ஜெர்மன் படையின் கையில் போயின. தெற்கில், விஷி என்ற ஊரில், பெத்தானின் அரசாங்கம் உட்கார்ந்தது. ஜெர்மன் படையின் செலவுக்காக பிரான்ஸ் ஒரு நாளைக்கு 40 கோடி பிராங்க் கட்ட வேண்டியிருந்தது.

அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவிலேயே நம் சொல் வந்துவிட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் உள்ள பிரெஞ்சு அதிகாரிகள் ஜெர்மன் ராணுவத்தின் ஆணைகளுக்குக் கட்டுப்பட்டு, அதனோடு முறையாக ‘ஒத்துழைக்க’ வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அப்போது அது ஓர் அலுவலகச் சொல், அவ்வளவுதான்.

அதை அரசியல் கொள்கையாக உயர்த்தியவர் பெத்தான். 1940 அக்டோபர் 24 அன்று மோந்துவார் ஊர் ரயில் நிலையத்தில் ஹிட்லரைச் சந்தித்தார். இருவரும் கைகுலுக்கும் படம் உலகமெல்லாம் போனது. ஆறு நாள் கழித்து வானொலியில் பேசும்போது, மானத்தோடும் நாட்டின் ஒற்றுமையைக் காப்பதற்காகவும் தான் இன்று ‘கொலாபரேஷன்’ பாதையில் அடியெடுத்து வைப்பதாக அறிவித்தார்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான். இந்தச் சொல்லை முதலில் வசையாகச் சூட்டியது எதிராளிகள் அல்ல. அந்தக் கொள்கையைக் கையில் எடுத்தவரே பெருமையாகச் சூட்டிக்கொண்டார். அந்தப் பெயரில் அடுத்த நாலு வருடம் என்னென்ன நடந்ததோ, அதுதான் சொல்லைக் கறுப்பாக்கியது.

பெத்தான் எதை எதிர்பார்த்தார்? போரை ஜெர்மனி ஏற்கெனவே வென்றுவிட்டது என்று நம்பினார். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் ஜெர்மனியில் கைதிகளாக இருந்தார்கள். அவர்களை மீட்கலாம், செலவுத் தொகையைக் குறைக்கலாம், ஹிட்லரின் புதிய ஐரோப்பாவில் பிரான்சுக்கு ஓர் இடம் வாங்கலாம் என்பது கணக்கு. ஹிட்லருக்கு அந்தப் பேரத்தில் ஆர்வமே இல்லை. விஷி கொடுத்துக்கொண்டே போனது, திரும்பக் கிடைத்தது மிகக் குறைவு.

இதோடு ‘பாவம், வேறு வழியில்லை’ என்று முடித்துவிட முடியாது. யூதர்களை அரசுப் பணி, ஆசிரியர் வேலை, பத்திரிகை முதலியவற்றிலிருந்து விலக்கும் சட்டத்தை விஷி அரசு 1940 அக்டோபர் 3 அன்றே போட்டது. மோந்துவார் சந்திப்புக்கு மூன்று வாரம் முன்பு. ஜெர்மனி அதைக் கேட்கவில்லை. அது விஷியின் சொந்த விருப்பம்.

வேறு வழியும் இருந்தது. ஜூன் 18 அன்றே லண்டன் வானொலியிலிருந்து ஜெனரல் டி கோல் போரைத் தொடர அழைப்பு விடுத்தார். நம் பக்கத்துப் புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதன் ஆளுநர் லூயி போன்வென் 1940 செப்டம்பரிலேயே விஷியை விட்டு விலகி டி கோல் பக்கம் சேர்ந்தார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருந்ததால் புதுச்சேரிக்கு அது சுலபமான முடிவு, பாரிஸ்வாசிக்கு அப்படி இல்லை. இருந்தாலும், எல்லாரும் ஒரே பாதையில்தான் போயாக வேண்டும் என்ற நிலை இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

இதுவரை பார்த்தது: சொல் முதலில் நடுநிலையானது. தோற்ற நாட்டின் அரசு வென்ற நாட்டோடு செய்துகொண்ட பேரத்துக்கு அது பெயரானது. பேரத்தில் போனதும் வந்ததும் சமமாக இல்லை.

## ஆக்கிரமிப்பாளருக்கு உள்ளூர்க்காரர் ஏன் தேவை?

ஒரு நாட்டைப் பிடிக்கப் படை போதும். அதை நாள்தோறும் நடத்தப் படை போதாது. ரேஷன் கார்டு யார் எழுதுவது? ரயிலை யார் ஓட்டுவது? எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? பிரான்சில் ஜெர்மன் போலீஸார் சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். பிரெஞ்சுப் போலீஸார் ஏறத்தாழ ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் ஆக்கிரமிப்பாளருக்குத் தெருப்பெயர்கூடத் தெரியாது.

காந்தி 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்ததும் இதே உண்மையைத்தான். அந்நிய ஆட்சி உள்ளூர்க்காரர்களின் உழைப்பில் நிற்கிறது, உழைப்பை விலக்கினால் ஆட்டம் காணும். கொலாபரேஷன் என்பது அதே உண்மையின் மறுபக்கம்.

பாரிஸில் இது எப்படி நடந்தது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1940 இலையுதிர் காலத்தில், ஜெர்மன் ஆணைப்படி, பாரிஸ் வட்டாரத்து யூதர்கள் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர் பதிந்தார்கள். ஏறத்தாழ 1,50,000 பேர். சட்டம் சொல்கிறதே என்று நம்பி வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஆந்த்ரே துலார் என்ற காவல்துறை அதிகாரியின் மேற்பார்வையில் அந்தப் பெயர்கள் அட்டைகளாயின. பெயர் வரிசையில் ஓர் அடுக்கு, தெரு வரிசையில் ஓர் அடுக்கு, தொழில்வாரியாக, குடியுரிமைவாரியாக இன்னும் இரண்டு. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு நிற அட்டை, வெளிநாட்டவருக்கு வேறு நிறம். நல்ல அலுவலக வேலை. துப்பாக்கி எங்கேயும் இல்லை.

1942 ஜூலை 16 அதிகாலை அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுப் போலீஸார் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். இரண்டு நாளில் 13,152 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். நகரப் பேருந்துகளில் ஏற்றினார்கள். குடும்பங்களை ‘வெல் திவ்’ என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்துவைத்து, பிறகு முகாம்களுக்கும் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலை முகாமுக்கும் அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் பிரான்சிலிருந்து நாடு கடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 76,000. உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 2,500.

இதில் இன்னோர் எண் உண்டு. அந்த ஜூலை நாளில் எடுத்துச்சென்ற அட்டைகள் 27,000-க்கும் மேல். அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பிவிட்டார்கள். முந்தின நாளே விஷயம் கசிந்திருந்தது. சில போலீஸார் தாங்களே போய் எச்சரித்திருந்தார்கள், அக்கம்பக்கத்தார் ஒளித்துவைத்தார்கள். ஒத்துழைப்பில் விழுந்த ஒவ்வோர் ஓட்டையும் சில உயிர்களைக் காப்பாற்றியது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் முக்கியமான எண் இதுதான். ‘நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார், எதுவும் மாறியிருக்காது’ என்று பிற்பாடு சொன்னவர்கள் ஏராளம். மாறியது என்பதை அந்த இரண்டு நாளே காட்டுகிறது.

## ஒரே சொல்லுக்குள் மூன்று வகை

வரலாற்றாசிரியர்கள் இந்தச் சொல்லை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, அனுசரித்துப் போதல். எதிரி ஆட்சியின் கீழ் உயிர் வாழ்வதற்காகச் செய்வது. பேக்கரிக்காரர் ஜெர்மன் சிப்பாய்க்கும் ரொட்டி விற்றார். ஆசிரியர் பள்ளிக்குப் போனார். பெரும்பாலான மக்கள் இந்த வகை. இவர்களைத் துரோகி என்பது அநியாயம்.

இரண்டாவது, அரசு ஒத்துழைப்பு. பேரம் பேசி எதையாவது காப்பாற்றலாம் என்ற கணக்கில் அரசே செய்வது. விஷியின் தலைமை நிர்வாகியாக இருந்த பியர் லவால் இதற்கு உதாரணம். ஆனால் பேரத்துக்கு ஒரு குணம் உண்டு, அது ஓரிடத்தில் நிற்காது. 1942 ஜூன் 22 அன்று லவால் வானொலியிலேயே, ஜெர்மனியின் வெற்றியை விரும்புவதாகச் சொன்னார். சில நாளில், தெற்குப் பகுதியிலிருந்து அனுப்பப்படும் யூதக் குடும்பங்களோடு 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அனுப்பலாம் என்று தானே முன்மொழிந்தார். 1943 பிப்ரவரியில் பிரெஞ்சு இளைஞர்களை ஜெர்மன் ஆலைகளுக்கு அனுப்பும் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு படியிலும் ‘இதைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றலாம்’ என்ற அதே நியாயம்தான். கொடுக்கப்பட்டவர்கள் பேரத்தில் உட்கார்ந்தவர்கள் அல்ல, வேறு யாரோ.

மூன்றாவது, கொள்கை ஒத்துழைப்பு. நாஜிக் கொள்கையே சரி என்று நம்பிச் சேர்ந்தவர்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து பாசிஸ்டாக மாறிய ழாக் தோரியோ ஜெர்மன் சீருடையில் ரஷ்யப் போர்முனைக்கே போனார். 1943 ஜனவரியில் தொடங்கிய ‘மிலீஸ்’ என்ற துணைப்படை சொந்த நாட்டு எதிர்ப்புப் போராளிகளை வேட்டையாடியது.

தமிழில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘துரோகி’ என்றோ ‘கைக்கூலி’ என்றோ போட்டுவிடாமல், முதல் வகைக்கு அனுசரித்தவர், இரண்டாவதற்கு ஆக்கிரமிப்புக்கு உடந்தையானவர் என்று பிரித்து எழுதினால் விஷயம் துலங்கும். ‘உடந்தை’ அருமையான சொல். அதற்குள்ளும் ‘உடன்’ இருக்கிறது, ஆனால் குற்றத்துக்கு உடன் என்பதை நாம் எல்லாருமே புரிந்துகொள்கிறோம்.

## சட்டமும் தெருவும்

விடுதலைக்குப் பிறகு வந்த வழக்குகளில் குற்றத்தின் பெயர் ‘கொலாபரேஷன்’ அல்ல. தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் இருந்த ‘எதிரியோடு தொடர்பு’ என்ற பழைய குற்றத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதில் அடங்காதவர்களுக்காக ‘தேசிய இழிவு’ என்ற புதிய குற்றத்தை 1944-ல் உண்டாக்கினார்கள். அதற்குத் தண்டனை வாக்குரிமை, அரசுப் பணி போன்றவற்றை இழப்பது. பெத்தானுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, டி கோல் அதை ஆயுள் தண்டனையாக்கினார். லவாலை 1945 அக்டோபர் 15 அன்று சுட்டார்கள்.

தெருவில் நடந்தது வேறு. ஜெர்மானியரோடு உறவு வைத்ததாகச் சொல்லி ஏறத்தாழ 20,000 பெண்களுக்கு ஊர் நடுவில் மொட்டையடித்தார்கள். அதே சமயம், அந்த ஜூலைக் கைதுகளுக்குக் காவல்துறையின் தலைமையில் இருந்து ஏற்பாடு செய்த ரெனே பூஸ்கே, 1949-ல் பெயருக்கு ஒரு தண்டனை பெற்று, அதுவும் அப்போதே ரத்தாகி, வங்கித் துறையில் பெரிய ஆளாக வாழ்ந்தார். மனித குலத்துக்கு எதிரான குற்ற வழக்கு அவர்மேல் வந்தது 1991-ல். விசாரணைக்கு முன்பே, 1993-ல், ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். சொல்லைத் தெளிவில்லாமல் வீசினால் மொட்டை ஒருவருக்கும் பதவி ஒருவருக்கும் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. அந்த ஜூலைக் கைதுகளில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு குடியரசுத் தலைவர், ழாக் சிராக், வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995-ல்தான்.

## டென்மார்க்: அதே பேரம், வேறு எல்லை

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. அரசர் இருந்தார், நாடாளுமன்றம் இருந்தது, அரசு ‘ஒத்துழைப்புக் கொள்கை’யை ஏற்றது. அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு கோடு போட்டார்கள். நாசவேலைக்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்பது உட்பட ஜெர்மனி கேட்டதை மறுத்து, 1943 ஆகஸ்ட் 29 அன்று அரசு விலகியது. அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க ஜெர்மானியர் கிளம்பியபோது, மீன்பிடிப் படகுகளில் ஏறத்தாழ 7,000 பேரை மக்கள் சுவீடனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அதற்காக டென்மார்க் கறையற்றது என்று சொல்லிவிட முடியாது. 1941-ல் சொந்த நாட்டு கம்யூனிஸ்டுகளை அரசே பிடித்து அடைத்தது. அவர்களில் பலர் பிறகு ஜெர்மன் முகாமுக்குப் போனார்கள். 2003-ல் அந்நாட்டுப் பிரதமர், ஒத்துழைப்புக் கொள்கை அறத்தால் ஏற்க முடியாதது என்றே பேசினார். நாட்டைக் காப்பாற்றியது அந்தக் கொள்கைதான் என்று சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு நிறுத்தம்: ஒத்துழைப்பா துரோகமா என்று பார்க்க, வேலையின் பெயர் உதவாது. எதை மறுக்க முடிந்தது, மறுத்தார்களா, விலை யார் தலையில் விழுந்தது என்று கேட்க வேண்டும்.

## யாருக்கு விசுவாசம்?

கடைசியாக ஒரு சிக்கல், நமக்கு நெருக்கமானது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அங்கே உருவாகி, 1943-ல் சுபாஷ் சந்திர போஸின் தலைமைக்கு வந்த இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களான தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பிரிட்டன் பார்வையில் அவர்கள் எதிரியோடு சேர்ந்த துரோகிகள். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில், முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளாக இருந்த ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர்மேலும் பிரிட்டிஷ் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு நடந்தது. ஆயுள் முழுக்க நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டது. நாடே கொதித்ததால் அது ரத்தாகி மூவரும் வெளியே வந்தார்கள். 1972-ல் வந்த சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் அந்த ராணுவத்தினரும் சேர்க்கப்பட்டார்கள்.

பெத்தானையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெத்தான் தன் மக்களுக்குக் கடமைப்பட்டவர், அந்த மக்களில் ஒரு பகுதியைக் கைவிட்டார். இந்திய வீரர் எந்த அரசருக்கு விசுவாசம் காட்டவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டாரோ, அந்த அரசரே அவர் நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர். துரோகம் என்று சொல்ல, முதலில் நியாயமான ஒரு விசுவாசம் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் விலை யார் தலையில் விழுந்தது என்ற கேள்வியை இங்கேயும் விட்டுவிட முடியாது. போஸுக்கு ஆயுதம் கொடுத்த அதே ஜப்பான்தான் 1942-43-ல் சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனது. காலராவிலும் பட்டினியிலும் பெருந்தொகையானோர் அந்தக் காட்டிலேயே இறந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான ஒரே லயத்திலிருந்து ஒருவர் விருப்பத்தோடு ராணுவத்துக்கும், இன்னொருவர் ஏமாற்றப்பட்டோ இழுக்கப்பட்டோ ரயில் பாதைக்கும் போன காலம் அது. முதலாமவரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாமவரைப் பற்றி மலேசியத் தமிழர்கள்தான் சேகரித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதைத் தேடிப் படியுங்கள்.